தளியில் செய்யாத சோதனை

மூன்று வாரங்களுக்கு முன்பு இந்தப் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "கருவிகளைத் தளி வரை சோதித்துப் பார்த்த பிறகுதான் வாங்கினோம்." அது பொய். நாங்கள் வாங்கிய கருவியை வாங்கும் நாள் வரை, ஓசூரை அடுத்த தளியின் தொலைபேசிக் கம்பியில் ஒரு முறைகூட இணைத்துப் பார்த்ததில்லை. பார்த்ததாக ஒரு தாளில் எழுதியவன் நான். அதையும் என் பெயரில் எழுதவில்லை, இன்னொருவர் பெயரில் எழுதினேன். அதனால் அவர் வேலை போனது.

சென்ற இரண்டு வாரங்கள் இந்தத் தொடர் வரவில்லை. எனக்கு உடல்நலமில்லை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அவர்களிடம் அப்படிச் சொன்னதும் நான்தான். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. தளியிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருந்தார். "எங்கள் ஊரில் அந்தச் சோதனை யார் வீட்டில் நடந்தது என்று எழுதினால் மகிழ்வோம்." பதில் எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

பதினாறு விளக்குகள்

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் வியாபாரியின் மாடி அறை. கதவைத் திறந்ததும் ஏ.சி. குளிரும் புதுப் பிளாஸ்டிக் வாசனையும் வந்தன. மேஜை மேல் ஓர் ஆர்மோனியத்தின் அகலத்தில் சாம்பல் நிறப் பெட்டி. முகப்பில் வரிசையாகப் பதினாறு சின்ன விளக்குகள்.

வியாபாரி எதிர் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து பெட்டியை அழைத்தார். முதல் விளக்கு இரண்டு முறை சிமிட்டிவிட்டுப் பச்சையாக நின்றது. திரையில் 31,200 என்று வேகம் வந்தது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

பதினெட்டு ஆண்டுகள் தொழிற்சாலைப் பராமரிப்பில் இருந்தவன் நான். கிரீஸ் படிந்த பேனல்களைத் திறந்து மூடிப் பழகிய கைகள் என்னுடையவை. அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"ட்ரயலுக்கு ஓசூர் எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டேன்.

"வாங்கினா பில் போட்டு அனுப்பறேன் சார். ட்ரயல் பீஸ் பார்டர் தாண்டிக் குடுக்கறதில்ல. ஜூஜூவாடி செக்போஸ்ட்ல நிறுத்தினா எந்தப் பேப்பரைக் காட்டுவீங்க? இங்கியே எத்தனை நேரம் வேணாலும் ஓட்டிப் பாருங்க."

ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் பச்சை விளக்கு அணையவே இல்லை. அடிக்கடி டீ வந்தது. டைரியில் எழுதிக்கொண்டேன்: 31,200. இரண்டு மணி நேரம். துண்டிப்பு இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம்

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விலகிச் செல்கிறேன்.

அப்போது இணையம் வீட்டுத் தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் வந்தது. கம்ப்யூட்டர் தரும் எண்களை ஒலியாக மாற்றிக் கம்பியில் அனுப்பும் சின்னக் கருவிக்கு மோடம் என்று பெயர். வாடிக்கையாளர் வீட்டில் ஒன்று, இணைய நிறுவனத்தில் ஒன்று. இரண்டும் கீச்சிட்டு, இரைந்து, எந்த வேகத்தில் பேசிக்கொள்வது என்று பேரம் பேசும். படிந்தால் இணைப்பு.

எங்களுக்கு அருகில் இருந்த நிறுவனங்கள் எல்லாம் பெங்களூரில். நாற்பது கிலோமீட்டர்தான், ஆனால் அழைத்தால் எஸ்.டி.டி. என்ற வெளியூர்க் கட்டணம். தனியாரும் இணையச் சேவை நடத்தலாம் என்று உரிமம் கொடுக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. ஓசூரிலேயே ஓர் எண் இருந்தால் டவுன், உத்தனப்பள்ளி, தளி எல்லாம் உள்ளூர் அழைப்பில் வந்துவிடும். எங்கள் யோசனை முழுவதும் அவ்வளவுதான்.

மூன்று கூட்டாளிகள். நான், லேத் பட்டறை வைத்திருந்த கிருஷ்ணப்பா, பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக் வைத்திருந்த ஒரு டாக்டர். கிளினிக் மாடியில் டெட்டால் வாசனை அடிக்கும் ஓர் அறைதான் எங்கள் நிறுவனம். பதினாறு தொலைபேசி இணைப்புகளுக்கு விண்ணப்பித்தோம். வெளியே ஒரே எண். முதல் இணைப்பில் ஆள் இருந்தால் அழைப்பு தானாக அடுத்ததற்குத் தாவும்.

டாக்டர் கேட்டார். "சரி இஞ்சினியர், பதினேழாவது ஆள் என்ன பண்ணுவான்?"

"என்கேஜ்டு சத்தம் கேப்பார் டாக்டர்."

"என் கிளினிக் மாதிரி வெளிய பெஞ்ச் போட முடியாதா?"

மின்சாரம் போனால் தாங்குவதற்கு லாரி பேட்டரிகளே போதும் என்பது கிருஷ்ணப்பாவின் கட்சி. "கல்லு லோடு லாரிய ஸ்டார்ட் பண்ற பேட்டரி, உன் கம்ப்யூட்டர ஓட்டாதா இஞ்சினியரே?" அப்படி இல்லை, இரண்டும் வேறு வேறு வகை என்று ஒரு சாயங்காலம் முழுக்க விளக்கினேன். கடைசியில் சரியானதை வாங்கினோம். ஆனாலும் அவர் ஒரு லாரி பேட்டரியை மூலையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இடி, மின்னலுக்காகக் கிளினிக்கின் பின்புறம் குழி தோண்டிச் செப்புத் தகடு புதைத்து, உப்பும் கரியும் போட்டு மூடினோம். மண் ஈரமாக இருக்க வேண்டும் என்பதால் கம்பவுண்டர் தினமும் காலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவார். காத்திருக்கும் நோயாளிகள், "என்ன செடிங்க நட்டிருக்கீங்க?" என்று கேட்பார்கள். இன்னும் முளைக்கவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

கௌரம்மாவின் காது

மீதி இருந்தது மோடம் மட்டும். அதில்தான் முழுத் தொழிலும் நின்றது.

இரண்டு வழிகள் இருந்தன. பதினாறு தனித்தனி மோடம்களை மரப்பலகையில் அடுக்கி வைப்பது ஒன்று. பதினாறும் உள்ளடங்கிய ஒரே பெட்டி, நான் பெங்களூரில் பார்த்தது, இன்னொன்று. தனி மோடம்களில் மாதிரிக்கு இரண்டு வாங்கினோம். அவற்றைச் சோதித்தவர் கௌரம்மா.

கௌரம்மா நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் டெலிபோன் போர்டு ஆபரேட்டர். முப்பது முப்பத்தைந்து வயது. தளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். ஒரு முனையில் கன்னடம், இன்னொரு முனையில் தெலுங்கு, நடுவில் எங்களோடு தமிழ் என்று ஒரே மூச்சில் மாறிப் பேசுவார். பத்து ஆண்டுகள் காதில் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தவர். ஒரு கம்பியின் இரைச்சலைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்.

மாதிரி மோடம் ஒன்றைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து அவரே தளிக்குக் கொண்டுபோனார். கம்ப்யூட்டரைக் கிருஷ்ணப்பா ஜீப்பில் இறக்கிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கௌரம்மா தளி வீட்டிலிருந்து டயல் செய்வார். ஓசூர் மாடியில் இன்னொரு மோடத்தோடு நான் உட்கார்ந்திருப்பேன். இணைப்பில் இருக்கும்போது பேச முடியாது. முடிந்ததும் போன் செய்து குறிப்பை வாசிப்பார்.

"சார், பதினாலாயிரத்து நானூறு. ஒரு மணி பத்து நிமிஷம் நின்னுது. கட் ஆகல."

"வேகம் ரொம்பக் கம்மியா இருக்கே கௌரம்மா."

"கம்மிதாங்க. ஆனா நிக்குதில்ல? நேத்து மழை. தைலமரத் தோப்பாண்ட ஜாயின்ட்டு தண்ணி குடிச்சிருக்குது. அப்பிடியும் நிக்குது."

"தோப்புக்கிட்டதான்னு எப்படித் தெரியும்?"

"கேட்டாத் தெரியுங்க சார். அது பொரி வறுக்கறாப்ல இரையும். பஸ் ஸ்டாண்டு ஜாயின்ட்டுன்னா கொசு பாடறாப்ல."

வேடிக்கையாக இருந்தது. லைன்மேனிடம் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். தோப்புக்கு எதிரே இருந்த கம்பத்தில் ஒரு ஜாயின்ட் பச்சைப் பாசி பிடித்துக் கிடந்தது. எனக்குள் இரண்டு உணர்ச்சிகள் ஒன்றாக எழுந்தன. ஒன்று வியப்பு. இன்னொன்று, இஞ்சினியரிங் படித்தவன் நான், இதைக் கண்டுபிடித்தது நான் இல்லையே என்ற எரிச்சல்.

அவரை எங்கள் நிறுவனத்துக்கு அழைத்தேன். "மெஷின் ரூம் உங்க பொறுப்பு" என்றேன். என் வார்த்தையை நம்பிப் போர்டு வேலையை விட்டு வருவதாகத் தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்தார்.

பெட்டியைப் பற்றிச் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அதத் தளில போட்டுப் பாத்தீங்களா சார்?"

"பார்டர் தாண்டித் தர மாட்டாங்களாம்."

"நம்ம கம்பெனில சாமானெல்லாம் ரிட்டர்னபிள் சலான்ல போயிட்டு வருதே. அதாட்டம் ஒண்ணு போடச் சொல்லுங்க. ஒரு ஞாயித்துக்கிழம குடுத்தாப் போதும்."

பார்க்கலாம் என்றேன். வியாபாரியிடம் நான் கேட்கவே இல்லை. தளியில் அந்தப் பெட்டி தோற்றுவிடுமோ என்று பயந்தேன். எனக்கு அது வேண்டும்.

இரண்டு சிறு கோடுகள்

கூட்டாளிகளுக்குக் காட்ட ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டேன். கருவி, ஊர், வேகம், எத்தனை நேரம் நின்றது, சோதித்தவர். தனி மோடத்துக்கு நேரே: தளி, 14,400, ஒரு மணி பத்து நிமிடம், கௌரம்மா. அடுத்த வரியில் பெட்டி.

ஊர் என்ற கட்டத்தில் பெங்களூர் என்று எழுத வேண்டும். எழுதினால் டாக்டர் கேட்பார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். பிறகு 'தளி' என்று எழுதினேன். 31,200. இரண்டு மணி நேரம். கடைசிக் கட்டத்தில், மேலே இருந்த கௌரம்மா பெயருக்குக் கீழே, மேற்படி என்பதற்குப் போடுவோமே, அந்த இரண்டு சிறு கோடுகளைப் போட்டேன்.

பெயரை முழுதாக எழுதியிருந்தால் கை கூசியிருக்கும். கோடு போடக் கூசவில்லை.

டாக்டர் இரண்டு எண்களையும் பார்த்தார். "இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கௌரம்மா அந்த நேரம் தொழிற்சாலையில் கடைசி வாரத்து ஷிப்டில் இருந்தார்.

பெட்டி வந்தது. சேவை தொடங்கினோம். டவுனில் ஓடியது. உத்தனப்பள்ளியில் திக்கித் திக்கி ஓடியது. தளியில் மூன்று நிமிடம் நின்றால் அதிகம். ரோஜா, குடைமிளகாய் பயிரிடுகிறவர்கள்தான் அங்கே எங்கள் வாடிக்கையாளர்கள். பாதிக் கடிதம் போவதற்குள் கம்பி அறுந்ததுபோல் நின்றுவிடும். திட்டித் தீர்த்தார்கள்.

"ஒரு நா குடுங்க சார். மெஷினு மேனுவலக் குடுங்க. தளில இருந்து நான் கேட்டுப் பாக்கறேன்" என்றார் கௌரம்மா. நான் கொடுக்கவில்லை. அவர் கேட்டுப் பார்த்தால் அந்தப் பெட்டி தளிக்குப் புதிது என்பது வெளியே வந்துவிடும்.

பதினைந்தாம் நாள் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தத் தாள்.

"தளில நீதானம்மா டெஸ்ட் பண்ணது?"

"நாந்தாங்க. ஆனா சின்ன மோடத்துக்கு மட்டும்..." தாளை எடுத்துப் பார்த்தார். கண் அந்த இரண்டு கோடுகளில் நின்றது. நிமிர்ந்து டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "இத நான் பண்ணல சார்."

"உன் பேர்தானே இருக்கு?" என்றார் டாக்டர்.

அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். கோடு போட்டதைவிடப் பெரிய தவறு அதுதான்.

"நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க கௌரம்மா."

 அவர் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். தொழிற்சாலைப் போர்டில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

இரண்டு ஆண்டுகள் தள்ளாடிவிட்டு எங்கள் நிறுவனம் மூடப்பட்டது. பெட்டி என் வீட்டுப் பரணுக்குப் போனது, தாள் அதன் அடியில். சில ஆண்டுகள் கழித்து ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கௌரம்மாவைப் பார்த்தேன். ஒரு பழக்கடைக்குள் நுழைந்து, தேவையில்லாத சப்போட்டாவை வாங்கிக்கொண்டு நின்றேன். பஸ் போன பிறகுதான் வெளியே வந்தேன்.

அஞ்சலட்டை வந்த பிறகு

முதலில் கிருஷ்ணப்பாவிடம் போனேன். பட்டறையை இப்போது மகன் பார்க்கிறார். கிருஷ்ணப்பா வாசலில் நாற்காலி போட்டு, மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். போட்ட பணம் போனதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். தைலப் பாட்டிலை மூடி வைத்தார்.

"ஏமய்யா இது... அந்தம்மா மக கல்யாணத்துக்கு வூடு தேடி வந்து பத்திரிகை வெச்சுது. தெரியுமா உனக்கு? நான் போகல. பொய்யா எழுதிக் குடுத்து ஏமாத்துனவங்க வூட்டு விசேஷத்துக்கு நான் எதுக்குன்னு போகல." ரோட்டைக் கை காட்டினார். "இதே ரோட்டுல எதிர்ல வந்தாக்கூட மூஞ்சத் திருப்பினு போனேன்ப்பா. எத்தினி வருஷமா!"

"அவங்களைப் பாக்கப் போறேன். தனியாப் போகத் தைரியம் இல்ல."

"உனக்காக வரல. எனக்கும் வேல இருக்குது அங்க" என்று எழுந்து சட்டையை மாட்டினார். "அந்தப் பொட்டியையும் எடு."

மோட்டார் ஓடும்போது

கௌரம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. வேலை போன பிறகு இன்டர்காம் பழுது பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். தளியைச் சுற்றியுள்ள பூப்பண்ணைகளின் இன்டர்காம் எல்லாம் அவர் கையில்தான். ஒரு ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில் இருந்தார். உள்ளே குளிர். வெட்டிய பூக்களை அட்டையில் சுருட்டிக்கொண்டிருந்த பெண்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏனு கிருஷ்ணப்பா, ஊட்ட ஆய்தா?" என்று கௌரம்மா கன்னடத்தில் அவரைத்தான் முதலில் கேட்டார். சாப்பிட்டாயிற்று என்பதுபோல் கிருஷ்ணப்பா தலையை மட்டும் ஆட்டினார். 

நான் தாளை நீட்டினேன். "பெங்களூர்ல எடுத்த அளவு இது. தளின்னு நான்தான் எழுதினேன். உங்க பேருக்குக் கீழ கோடு போட்டதும் நான்தான். ஞாபகப்படுத்திப் பாருங்கன்னு சொன்னப்ப எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"டாக்டருக்குச் சொன்னீங்களா?"

"அவர் போயிட்டார் கௌரம்மா."

"தெரியும். சாவுக்கு வந்துதான் இருந்தேன். அதுக்கு முன்ன சொன்னீங்களான்னு கேக்கறேன்."

"இல்ல."

அவர் தாளை மடிக்கவில்லை. "பொட்டி எங்க?" என்றார்.

ஜீப்பில் இருந்தது. கொண்டுவரச் சொன்னார். என் மன்னிப்பைவிடப் பெட்டியில்தான் அவருக்கு அக்கறை இருந்தது. தூசியை ஊதி, முகப்பைத் திருப்பிப் பார்த்து, "இதத்தான் ஒரு நா கேட்டேன்" என்றார்.

தளியில் இப்போது அந்தப் பழைய தொலைபேசிக் கம்பிகள் இல்லை. ஆனால் ஷெட்டிலிருந்து பண்ணையின் கடைசிக் கொட்டகை வரை அவரே இழுத்த இன்டர்காம் கம்பி இருந்தது. நீளமான கம்பி, பல ஜாயின்ட்டுகள், பக்கத்திலேயே பம்ப் மோட்டார். "அந்தக் காலத்துத் தளி லைன விட இது கொஞ்சம் மோசந்தான். சரியா இருக்கும்" என்றார். மாதிரிக்கு வாங்கிய சின்ன மோடம் அவரிடமே இருந்தது. கடைசிக் கொட்டகையில் அதை வைத்தார். ஷெட்டில் பெட்டியை வைத்து, இன்டர்காமுக்கு வைத்திருந்த பழைய லேப்டாப்பை அதில் செருகினார்.

முதல் விளக்கு சிமிட்டியது.  பச்சை. இரண்டு நிமிடத்தில் அணைந்தது. மறுபடி. மறுபடி அணைந்தது. கௌரம்மா லைன்மேன் போனைக் கம்பியில் மாட்டிக் காதில் வைத்திருந்தார்.

"இது ஏறத்தான் பாக்குது சார். சத்தம் வந்தா இறங்கத் தெரியல" என்றார். "மேனுவல் இருக்குதா?"

பெட்டியோடு இருந்தது. பிரிக்காத பிளாஸ்டிக் உறையில். விரலால் வரி வரியாகத் தடவி ஒரு பக்கத்தில் நின்றார். அதிகபட்ச வேகத்தை நாமே கட்டிவைக்க ஒரு கட்டளை. 14,400 என்று தட்டினார்.

பெட்டி கீச்சிட்டது, இரைந்தது. விளக்கு பச்சையாக நின்றது. "மோட்டாரப் போடும்மா" என்று வெளியே குரல் கொடுத்தார். மோட்டார் ஓடியது. விளக்கு அணையவில்லை. பத்து நிமிடம். அரை மணி. அங்கேயே ராகிக் களியும் அவரைக்கொட்டைச் சாறும் வந்தன. மூன்று பேரும் விளக்கைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். ஒரு மணி பத்து நிமிடம் ஆனதும் அவரே கம்பியைப் பிடுங்கினார்.

"இருவது நிமிஷத்து வேல சார் இது" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு கணக்கு சரியாக வந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

நான் ஆசைப்பட்ட பெட்டி தளியிலும் ஓடியிருக்கும். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் காதுக்குக் கொடுத்திருந்தால் போதும்.

தாளை என் பக்கம் தள்ளினார். தளி என்பதை அடித்து, பெங்களூர் என்று எழுதினேன். இரண்டு கோடுகளையும் அடித்து என் பெயரை எழுதினேன். பிறகு பேனாவை வாங்கி, கீழே அவர் புது வரி ஒன்று எழுதினார்: பெட்டி, தளி, 14,400, ஒரு மணி பத்து நிமிடம், கௌரம்மா. பெயரை முழுதாக எழுதினார்.

"சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு பேரும்" என்றார். போட்டோம். தாளை அவரே வைத்துக்கொண்டார். பெட்டியை எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் போன் செய்தபோது அவர் எடுக்கவில்லை. இதுவரை எடுக்கவில்லை. கிருஷ்ணப்பா மட்டும் அதற்குப் பிறகு ஒரு முறை மனைவியோடு தளி போய், அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கொடுத்துவிட்டு வந்தாராம். அவள் மகனே இப்போது கல்லூரியில் படிக்கிறானாம்.

அஞ்சலட்டை போட்ட தளி வாசகருக்கு என் பதில்: நீங்கள் கேட்ட சோதனை உங்கள் ஊரில் யார் வீட்டிலும் நடக்கவில்லை. ஒரு பூப்பண்ணையின் ஷெட்டில், போன வாரத்துக்கு முந்தைய வியாழக்கிழமை பகலில் நடந்தது. செய்தவர் கௌரம்மா.